கொரோனாவும் கைப்பேசியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020, 2021 ஆண்டுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் சமூக ஊடகம் குறித்துச் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. தமிழ்நாட்டில் பார்த்ததையும் தெரிந்ததையும் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். 2021 மே மாதத்தில் மூன்று வாரம், சென்னையில் படுக்கை தேடித் தரும் ஒரு சின்னத் தன்னார்வக் குழுவில் இருந்தேன். அந்தப் பகுதி மட்டும் கொஞ்சம் நீளும்.

கொரோனாவுக்கு முன்பும் போனும் கையுமாகத்தானே இருந்தோம்? புதிதாக என்ன மாறியது?

இருந்தோம். 2016-ல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததிலிருந்தே இருந்தோம். ஆனால் அது பெரும்பாலும் பொழுதுபோக்கு: மீம், டிரெய்லர் சண்டை, கல்யாணப் படங்கள். 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. மறுநாள் காலையில் காய்கறி வண்டி எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வரும் என்பதே வாட்ஸ்அப்பில் பார்த்தால்தான் தெரிந்தது. விளையாட்டுச் சாமான் வீட்டுச் சாமானாகிவிட்டது.

அதுவரை "எனக்கெதுக்குடா இந்தக் கருமம்" என்று ஒதுங்கியிருந்தவர்களும் உள்ளே வந்தார்கள். கும்பகோணத்தில் இருக்கும் என் அத்தைக்குத் தமிழில் தட்டச்சு செய்ய வராது. ஏப்ரலில் வாய்ஸ் நோட் பழகினார். முதல் நோட்டில் பத்து விநாடி மின்விசிறிச் சத்தம், அப்புறம் "பேசலாமா?" என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான். மே மாதத்துக்குள் குடும்பக் குழுவில் அதிகம் பேசுகிற ஆள் அவர்தான்.

இவற்றையெல்லாம்விட ஆழமாக மாறியது நம்பிக்கை வைக்கிற இடம் என்று நினைக்கிறேன். செய்தி உண்மையா என்று பார்ப்பதற்கு முன் 'யார் அனுப்பினது?' என்று பார்த்தோம். மாமா அனுப்பினால் நம்பினோம். இந்தப் பழக்கம்தான் 2020-ல் நம்மைக் கெடுத்தது, இதே பழக்கம்தான் 2021-ல் பல பேருக்குப் படுக்கை வாங்கிக் கொடுத்தது.

வதந்திகள் ஊரடங்கில்தான் தொடங்கினவா?

முன்பே தொடங்கிவிட்டன. உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று அறிவித்தது 2020 மார்ச் 11 அன்று. அதன் தலைவர் டெட்ரோஸ் பிப்ரவரி நடுவிலேயே மியூனிக்கில் பேசும்போது, நோயோடு சேர்த்துத் தகவல் தொற்றையும் எதிர்த்துப் போராட வேண்டியிருக்கிறது என்று எச்சரித்திருந்தார்.

நமக்கு அது வந்து சேர்ந்தது கோழி ரூபத்தில். கறிக்கோழியில் கொரோனா என்று ஒரு படம் சுற்றியது. பிப்ரவரி, மார்ச்சில் கோழி விலை அதலபாதாளத்துக்குப் போனது, நாமக்கல் முட்டைப் பண்ணைகள் வரை அடி விழுந்தது. அப்போது தமிழ்நாட்டில் நோயாளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கிருமிக்கு முன்னால் வதந்தி வந்து கடையைச் சாத்தியது.

பிறகு வரிசை கட்டி வந்தன. மார்ச் 22 மக்கள் ஊரடங்கில் கைதட்டிய அதிர்வில் வைரஸ் செத்துவிட்டது, ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு ஏற்றிய விளக்குகளை நாசா படம் எடுத்தது, 5ஜி கோபுரத்தால் நோய் பரவுகிறது, இப்படி. இந்தியாவில் 5ஜி சேவை தொடங்கியதே 2022 அக்டோபரில்தான். இல்லாத கோபுரத்துக்கும் நம்மாட்கள் பயந்தார்கள்.

வாட்ஸ்அப்பில் 'பலமுறை பகிரப்பட்டது' என்ற இரட்டை அம்புக்குறி எப்படி வேலை செய்கிறது? பலன் இருந்ததா?

ஒரு செய்தியை ஃபார்வர்டு செய்யும்போது, அது எத்தனை கை மாறியது என்ற எண்ணிக்கையும் அதோடு ஒட்டிக்கொண்டு போகிறது. ஐந்து கை தாண்டினால் இரட்டை அம்புக்குறி விழும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று நிறுவனம் படிப்பதில்லை. இந்தியாவில் வாட்ஸ்அப் வதந்திகளை நம்பி நடந்த கும்பல் கொலைகளுக்குப் பிறகு 2018-லேயே ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று கட்டுப்பாடு வந்திருந்தது. 2020 ஏப்ரல் 7 முதல், இரட்டை அம்பு விழுந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரு அரட்டைக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று ஆக்கினார்கள். அப்படிப்பட்ட பகிர்வுகள் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் சில வாரங்களில் சொன்னது.

நம்மாட்கள் சும்மா இருப்பார்களா? செய்தியை நகலெடுத்துப் புதிதாக ஒட்டினால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் அப்படியே. என் பெரியப்பா இதைத் தொழில்நுட்பம் தெரிந்து செய்யவில்லை. ஃபார்வர்டு செய்தால் 'ஒருத்தருக்குத்தான் போகுது' என்பதால் நகலெடுக்கத் தொடங்கினார். அதன்பின் அவர் அனுப்பிய கபசுரக் குடிநீர் குறிப்புகளெல்லாம் அவரே எழுதியதுபோல அம்புக்குறி இல்லாமல் வந்து விழுந்தன.

வதந்தியால் உண்மையில் யாராவது பாதிக்கப்பட்டார்களா, இல்லை வெறும் வேடிக்கையா?

2020 ஏப்ரல் 19 இரவை நினைத்துப் பாருங்கள். கொரோனாவில் இறந்த சென்னை நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரின் உடலைக் கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்ய விடவில்லை. வேலங்காடு இடுகாட்டுக்குக் கொண்டுபோனபோது கல்லும் கட்டையுமாக ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைத் தாக்கியது. கடைசியில் உடன் வேலை பார்த்த மருத்துவர் நள்ளிரவில் கையாலும் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். புதைத்தால் நோய் பரவும் என்ற பயம்தான் காரணம். மறுநாள் அந்த மருத்துவர் அழுதுகொண்டே பேசிய வீடியோவும் அதே வாட்ஸ்அப்பில்தான் பரவியது, ஊரே தலைகுனிந்தது. அடக்கத்தைத் தடுத்தால் மூன்றாண்டு வரை சிறை என்று அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

டெல்லி நிஜாமுதீனில் நடந்த தப்லீக் ஜமாத் மாநாட்டை வைத்து முஸ்லிம்கள் மேல் கொட்டப்பட்ட வெறுப்பும் அந்த ஏப்ரலில்தான். கலந்துகொண்ட வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ஆகஸ்டில் ரத்து செய்த மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, அவர்களைப் பலிகடா ஆக்கியதாகவே சொன்னது. தீர்ப்பு வந்த அன்று எத்தனை குழுக்களில் அது பகிரப்பட்டது? எங்கள் குழுவில் இல்லை. நானும் போடவில்லை.

மூன்றாவது, நடிகர் விவேக். 2021 ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கேமரா முன் தடுப்பூசி போட்டுக்கொண்டார், எல்லோரும் போடுங்கள் என்றார். மறுநாள் மாரடைப்பு, 17-ம் தேதி மரணம். இரத்தக் குழாய் அடைப்புதான் காரணம் என்று மருத்துவர்கள் உடனே சொன்னார்கள். தடுப்பூசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று ஆய்வுக்குழு அக்டோபரில் சொன்னது. ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் நடுவில் என்ன நடந்தது என்று தடுப்பூசி முகாமில் உட்கார்ந்த செவிலியரைக் கேட்க வேண்டும்.

ஜூம், வீடியோ கால் எல்லாம்?

2019 டிசம்பரில் ஜூம் கூட்டங்களில் ஒரு நாளைக்குக் கலந்துகொண்டோர் எண்ணிக்கை 1 கோடி. 2020 ஏப்ரலில் 30 கோடி. இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் அறுந்துவிடும் என்பதால் வளைகாப்புகூட 40 நிமிடத்துக்குள் முடிந்தது, இது ஒரு வகையில் நல்லதுதான். கல்யாணத்துக்கு 50 பேர் என்று வரம்பு வந்ததும் பத்திரிகையில் நேரலை முகவரி அச்சானது. மதுரையில் ஒரு குடும்பம் 2021 ஜனவரியில் மொய்க்கு க்யூஆர் குறியீட்டையே அச்சடித்துவிட்டது. 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு ஜோடி மெட்டாவெர்ஸ் என்ற கணினி மெய்நிகர் உலகத்தில் வரவேற்பு நடத்தியது, மணமகளின் இறந்துபோன அப்பா அதில் கணினி உருவமாக வந்து வாழ்த்தினார்.

டிக்டாக் தடைக்கும் கொரோனாவுக்கும் தொடர்பு உண்டா?

காரணத்தில் இல்லை. எல்லையில் சீனப் படையோடு நடந்த கல்வான் மோதலுக்குப் பிறகு 2020 ஜூன் 29 அன்று 59 சீனச் செயலிகளைத் தடை செய்தார்கள், அதில் ஒன்று. ஆனால் வந்த நேரம் பாருங்கள். ஜனம் வீட்டுக்குள் அடைபட்டு, கைத்தறி முடங்கி, கட்டட வேலை நின்று, பொழுதுக்கும் வீடியோ பார்த்த, எடுத்த நேரம். ஜூலை 8-ல் இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைத் திறந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸைச் சோதனையாகத் தொடங்கியது. ஆட்கள் இடம் மாறினார்கள், ஆனால் எல்லோரும் இல்லை. டிக்டாக்கில் ஆடு மேய்த்துக்கொண்டே பாடியவர், மீன் வெட்டிக்கொண்டே வசனம் பேசியவர் எல்லாம் ராஜா. அதே ஆட்கள் இன்ஸ்டாகிராமில் கொஞ்ச காலம் விருந்தாளிபோலத்தான் நின்றார்கள். அந்தச் செயலியை 'கிரிஞ்சு' என்று கேலி பேசிய படித்தவர்கள், ஆறே மாதத்தில் ரீல்ஸில் அதே வேலையைச் செய்தார்கள் என்பது தனிக் கதை.

சாத்தான்குளம் சம்பவம் நாடு முழுக்கத் தெரிந்தது எப்படி?

ஊரடங்கில் நேரம் கடந்து கடை திறந்திருந்ததாகச் சொல்லி 2020 ஜூன் 19 அன்று தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் கைப்பேசிக் கடை வைத்திருந்த ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் கொண்டுபோனது. 22-ம் தேதி இரவு மகன் இறந்தார், 23-ம் தேதி தந்தை. தமிழ்ச் செய்திகளில் வந்தாலும் டெல்லிக்குக் கேட்கவில்லை. பாடகி சுசித்ரா நடந்ததை ஆங்கிலத்தில் விவரித்து ஒரு வீடியோ போட்டார். தெற்கத்திக் கொடுமை தெற்கோடு நின்றுவிடுவது நாம் ஆங்கிலத்தில் பேசாததால்தான் என்பது அவர் ஆதங்கம். கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து எடுத்திருந்த வழக்கு சிபிஐ வரை போனது.

அந்த வீடியோவை நம்ப வேண்டாம் என்று சிபிசிஐடி போலீஸ் கேட்டுக்கொண்டது, சுசித்ரா ஜூலையில் அதை எடுத்துவிட்டார். நிகழ்வு உண்மை, கொடுமை உண்மை. சொன்ன விதத்தில் இருந்த சில விவரங்கள்தான் சர்ச்சை. தெருவில் இறங்க முடியாத நாளில் கைப்பேசியே தெருவானது, தெருவில் கத்தும்போது வருகிற மிகைகளும் கூடவே வந்தன.

எஸ்.பி.பி. மருத்துவமனையில் இருந்தபோது நடந்ததை ஏன் பலரும் குறிப்பிடுகிறார்கள்?

அதற்கு முன் பிரபலம் ஒருவர் மருத்துவமனையில் இருந்தால் ஆஸ்பத்திரி அறிக்கை வரும், மிச்சத்தை வாசலில் நிற்கிற நிருபர் ஊகிப்பார். 2020 ஆகஸ்ட் 5 அன்று எஸ்.பி.பி. தானே ஃபேஸ்புக்கில் வந்து, லேசான தொற்றுதான், யாரும் போன் செய்து விசாரிக்க வேண்டாம் என்று சிரித்துக்கொண்டு சொன்னார். நிலைமை மோசமானபின் மகன் சரண் அடிக்கடி வீடியோவில் பேசினார். முகத்தில் களைப்பு, பின்னால் ஒரு சுவர், நேற்றைவிட இன்று எப்படி என்ற நாலு வரி. ஆகஸ்ட் 20 மாலை 6 மணிக்கு அவரவர் வீட்டிலிருந்து கூட்டுப் பிரார்த்தனை நடந்தது. இடையில் தொற்று நீங்கிவிட்டது என்று ஒரு வதந்தி கிளம்ப, அது உண்மையில்லை என்று சரணே வந்து சொல்ல வேண்டியிருந்தது. செப்டம்பர் 25-ல் எஸ்.பி.பி. போய்விட்டார். வாரக்கணக்கில் ஒரு மகன் பேசியதைத் தமிழ்நாடு தன் வீட்டு ஆள் பேசுவதுபோலக் கேட்டது. இப்போது சாதாரணக் குடும்பங்களும் 'அப்பா ஐசியுவில்' என்று குழு தொடங்கி ஒருவரே எல்லோருக்கும் தகவல் சொல்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சரண் ஞாபகம் வருகிறது.

இரண்டாம் அலையில் ட்விட்டரில் படுக்கை தேடியது உண்மையில் எப்படி நடந்தது?

2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாள் தொற்று 36,000-ஐத் தாண்டியது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால் எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் இடமில்லை. ஆம்புலன்ஸ்கள் வாசலில் வரிசையில் நின்றன.

கோரிக்கை ஒரே அச்சில் வரும். வயது, ஆணா பெண்ணா, ஆக்சிஜன் அளவு, எந்தப் பகுதி, கூட இருப்பவர் எண். "ஆண் 54, ஆக்சிஜன் 84, அம்பத்தூர், மகன் உடன் இருக்கிறார்." இவ்வளவுதான். அனுதாப வார்த்தை எழுதினால் அந்த நேரமும் வீண். எங்கள் குழுவில் மொத்தம் பதினொரு பேர், ஒரு கூகுள் ஷீட். ஒருவர் ட்விட்டரில் தேடுவார், இருவர் போன் செய்வார்கள், ஒருவர் ஷீட்டில் ஏற்றுவார். தேடுவதற்கே ஒரு சூட்சுமம் இருந்தது. 'சென்னை', 'ஆக்சிஜன்', 'வெரிஃபைடு' என்று போட்டு, 'தேவை' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களுக்கு முன் கழித்தல் குறி போட வேண்டும். அப்போதுதான் கேட்பவர்கள் மறைந்து கொடுப்பவர்கள் மட்டும் தெரிவார்கள். கேட்பவர்கள் அவ்வளவு பேர். ஊர்ப்பெயரைத் தட்டினால் இந்தத் தேடலைத் தானே செய்து தரும் சிறு பக்கங்களையும் சில இளைஞர்கள் உருவாக்கினார்கள்.

எங்கோ கிடைத்த எண்ணை அப்படியே பகிர்ந்ததில் முதல் நான்கு நாள் வீணானது. பத்து எண் போட்டால் ஏழு சுவிட்ச் ஆஃப், ஒன்று திருப்பூரில் ஒரு பனியன் கடை. அந்தக் கடைக்காரருக்கு அன்று மட்டும் நூறு அழைப்புக்கு மேல் வந்ததாம். திட்டவில்லை, "கெடச்சுதாங்க?" என்றுதான் கேட்டார். அதற்குப் பிறகுதான் ஒரு ஒழுங்கு வந்தது. பேசிப் பார்க்காத எண்ணைப் போடக் கூடாது, போட்டால் பேசிய நேரத்தையும் போட வேண்டும். "வெரிஃபைடு, மாலை 4.10." ஆறு மணிக்கு அந்தத் தகவல் பழசு. ஓராண்டுக்கு முன் மாமா அனுப்பியதால் நம்பிய அதே ஜனம், நேரம் போடாத செய்தியை நம்ப மறுத்தது. யாரும் பாடம் எடுக்கவில்லை.

படுக்கை கிடைத்தால் ஷீட்டில் 'க்ளோஸ்டு' என்று எழுதுவோம். தேடிக்கொண்டிருக்கும்போதே நோயாளி இறந்துவிட்டாலும் அதே சொல்தான், வேறு சொல் எழுத யாருக்கும் மனம் வரவில்லை. எது எது என்று இப்போது அந்த ஷீட்டைத் திறந்தால் எனக்கே தெரியாது.

அப்படியானால் அந்தத் தேடலெல்லாம் உயிர் காத்ததா?

ஆக்சிஜன் படுக்கையில் நிச்சயம் காத்தது. ஆனால் பாதி உழைப்பு ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்துக்கும், நோயிலிருந்து மீண்டவர்கள் கொடுக்கும் பிளாஸ்மாவுக்கும் போனது. ரெம்டெசிவிரை உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே பரிந்துரைக்க மறுத்திருந்தது. ஆனாலும் சீட்டில் எழுதிக்கொடுத்தார்கள், கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ராத்திரியெல்லாம் வரிசை நின்றது. பிறகு நேரு விளையாட்டரங்கத்துக்கு மாற்றினார்கள். கூட்டம் தாங்காமல் மே நடுவில் மருந்தை மருத்துவமனைகளுக்கே நேரடியாகக் கொடுக்க முடிவானது. பிளாஸ்மாவை மே 17-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சிகிச்சைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. முந்தின நாள் இரவுகூட நான் பி நெகட்டிவ் கொடையாளர் தேடிக்கொண்டிருந்தேன். கேட்டதைத் தேடிக் கொடுப்பதில் எங்களுக்கு இருந்த வேகம், அது தேவையா என்று கேட்பதில் இல்லை.

ஏமாற்றும் இருந்தது. ஆக்சிஜன் செறிவூட்டிக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போனவர்கள் ஏராளம். பெண்கள் தங்கள் எண்ணைப் பொதுவில் போட்டால் ஆபாசச் செய்திகள் வந்தன, வீட்டில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த நேரத்திலும்.

அரசு இதை எப்படி எடுத்துக்கொண்டது?

இணையத்தில் உதவி கேட்டவர்கள் மேல் வதந்தி பரப்பியதாக வழக்குப் போட்ட மாநிலங்கள் உண்டு. ஏப்ரல் 30 அன்று நீதிபதி சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, குறை சொல்லும் குடிமக்களை ஒடுக்கினால் நீதிமன்ற அவமதிப்பாக எடுத்துக்கொள்வோம் என்றது. தமிழ்நாடு அதைவிடப் புத்திசாலித்தனமாக நடந்தது. சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டிஎம்எஸ் வளாகத்தில் கட்டளை மையம் திறந்து, 104 உதவி எண்ணோடு ட்விட்டர் கணக்கும் தொடங்கி, படுக்கை கேட்கிற பதிவுகளுக்கு நேரடியாகப் பதில் சொன்னார்கள். மே மூன்றாவது வாரத்தில் எங்கள் ஷீட்டைவிட அவர்கள் வேகமாகிவிட்டார்கள். நாங்கள் கடையை மூடினோம்.

தடுப்பூசிக்கு டெலிகிராம் ஏன் தேவைப்பட்டது?

18 முதல் 44 வயதினருக்குக் கோவின் என்ற அரசின் தடுப்பூசி முன்பதிவுத் தளத்தில் இடம் திறந்த நிமிடமே தீர்ந்தது. இடம் திறந்தால் மணியடிக்கிற டெலிகிராம் சேனல்களைச் சென்னை மென்பொருள்காரர் ஒருவர் உட்படப் பலர் நடத்தினார்கள். ஸ்மார்ட்போன் உள்ளவனுக்கு ஊசி, இல்லாதவனுக்கு வரிசை என்றானது. பிறகு நேரில் போனாலே போடத் தொடங்கினார்கள்.

கிளப்ஹவுஸ்?

குரலில் மட்டும் கூடிப் பேசுகிற செயலி. 2021 மே, ஜூனில் அதில் நள்ளிரவு ஒரு மணிக்கு இளையராஜாவா ரகுமானா என்று ஐந்நூறு பேர் பேசிக்கொண்டிருந்தோம். ஊரடங்கு தளர்ந்ததும் காணாமல் போனது. அவ்வளவுதான்.

யூடியூபில் சம்பாதிக்கத் தொடங்கியது கொரோனாவால்தானா?

முன்பே இருந்தது, ஆனால் பார்க்க ஆள் சேர்ந்தது அப்போதுதான். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்திலிருந்து வயல்வெளியில் அண்டா வைத்துச் சமைக்கும் வில்லேஜ் குக்கிங் சேனல் 2018-ல் தொடங்கியது. 2021 ஜூலையில் 1 கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனலானது, முதல்வர் நிவாரண நிதிக்கு ரூ.10 லட்சம் கொடுத்தது. அதைப் பார்த்து வேலை போன ஆயிரம் பேர் கேமரா வாங்கினார்கள். பெரும்பாலானோருக்கு மிஞ்சியது கேமரா.

இப்போது எது மிச்சமிருக்கிறது?

பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுதான் முதலில். வீட்டுப்பாடம், விடுமுறை, கட்டணம் எல்லாம் அதில்தான். 2020-ல் தற்காலிக ஏற்பாடாக வந்தது, ஆசிரியர்களுக்கு இரவு பத்து மணிக்கும் விடுதலை இல்லை. இறப்புச் செய்தியும் மாறிவிட்டது. முன்பு ஆள் விட்டுச் சொல்வார்கள், போனில் சொல்வார்கள். இப்போது பூ வைத்த படம் ஸ்டேட்டஸில் வந்ததும் 'ஆழ்ந்த இரங்கல்' போட்டுவிட்டால் துக்கம் விசாரித்ததாகக் கணக்கு. டொரன்டோவிலும் லண்டனிலும் இருக்கிற ஈழத்துச் சொந்தங்களுக்கு இறுதிச்சடங்கை நேரலையில் பார்க்கும் பழக்கம் முன்பே உண்டு, நமக்குத்தான் புதிது.

அந்தக் காலத்துக் குழுக்களையும் அரட்டைகளையும் அழித்துவிடலாமா?

இடம் அடைக்கிறது என்றால் அழியுங்கள், ஆனால் ஒரு வேலை செய்துவிட்டு. அரட்டையைத் திறந்து, மேலே மூன்று புள்ளியில் 'மேலும்' என்பதற்குள் போனால் அரட்டையை ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கும். மீடியாவோடு சேர்த்து என்பதைத் தேர்ந்தெடுத்து மின்னஞ்சலிலோ டிரைவிலோ வையுங்கள். வெறும் எழுத்தாக எடுத்தால் வாய்ஸ் நோட்கள் வராது. ரீசார்ஜ் செய்யாத எண் சில மாதங்களில் வேறு யாருக்காவது போய்விடும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பெரியப்பா 2021 ஜூனில் தவறினார். அடுத்த ஆண்டு அவர் பெயரைத் தொட்டபோது, அந்த இடத்தில் பல்சர் மேல் சாய்ந்து நிற்கும் ஒரு பையன் இருந்தான். அதற்குள் நான் கபசுரக் குடிநீர் குறிப்பு உட்பட எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டேன்.